பெல்லட்டா, துப்பாக்கியா, கையா? ஏர் ரைஃபிள் குறி சிதறினால் அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

புள்ளி குறையத் தொடங்கியதும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, வேற எந்த டப்பா வாங்கட்டும்?" என்பதுதான். இறக்குமதி பெல்லட்டின் (ஏர் ரைஃபிளில் சுடும் சின்ன ஈயக் குண்டின்) விலை தெரிந்த பெற்றோருக்கு இந்தக் கேள்வி வயிற்றில் புளியைக் கரைக்கும். டப்பாவை மாற்றுவதற்கு முன்னால் சுட்ட குறி அட்டையைக் கையில் எடுத்துத் துளைகள் எப்படி விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் ஒரு காரணம், பக்கவாட்டில் பரவியிருந்தால் வேறு காரணம், இரண்டு கூட்டமாகப் பிரிந்திருந்தால் இன்னொன்று. பெரும்பாலும் பெல்லட்மேல் தப்பு இருக்காது. ஆனால் தப்பு அதன்மேல் இருக்கும்போது, வேறு எதைச் சரிசெய்தாலும் புள்ளி ஏறாது.

இங்கே சொல்வதெல்லாம் 10 மீட்டர் போட்டிக்கான 4.5 மி.மீ. ரைஃபிளுக்கு. சிலிண்டரில் காற்று அடைத்துச் சுடும் வகையை வைத்துத்தான் எழுதுகிறேன். ஸ்பிரிங் வகைக்கு மாறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

எவ்வளவு சிதறினால் கவலைப்பட வேண்டும்?

போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ., பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து. தசமக் கணக்கில் ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் கிடைப்பது கால் மில்லிமீட்டர். பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து கால் மி.மீ.க்குள் இருந்தால் 10.9, அரை மி.மீ.க்குள் 10.8, ஒன்றரை மி.மீ. தள்ளினால் 10.4. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா கடைசியாகச் சுட்டது 10.8. அந்த பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து அரை மி.மீ.க்கு மேல் விலகவில்லை.

இப்போது உங்கள் துப்பாக்கியும் பெல்லட்டும் சேர்ந்து, ஆள் கைபடாமலேயே 3 மி.மீ. அகலத்துக்குச் சிதறுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிசகில்லாமல் சுட்டாலும் சில குண்டுகள் 10.4-இல்தான் விழும். 60 குண்டுக்கு இதைக் கூட்டிப் பாருங்கள், தகுதிச் சுற்றின் வரிசையே மாறிவிடும். பள்ளி அளவில் 9-இலும் 8-இலும் சுடும் பிள்ளைக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அந்தப் பிள்ளைக்குச் சுமாரான டப்பாவே போதும், கோச்சின் நேரம்தான் வேண்டும்.

சோதிக்கும் முன்

ஆள் சுட்டுப் பார்த்து பெல்லட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. துப்பாக்கியை அசையாமல் பிடிக்க ஏதாவது வேண்டும். பெரிய ரேஞ்சுகளில் இதற்கென்றே பெஞ்ச் இருக்கும். நம் பக்கம், லேத் பட்டறையில் கனமான வைஸ் (திருகி இறுக்கும் பிடி) ஒன்றைச் செய்து சிமெண்டு திண்டில் போல்ட் போட்டு இறுக்கினால் போதும். வைஸின் தாடைக்குச் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டிவிடுங்கள். பேரலையோ (குழலையோ) காற்றுச் சிலிண்டரையோ பிடித்து இறுக்கக் கூடாது, துப்பாக்கி தயாரித்தவர் காட்டும் இடத்தில்தான் பிடிக்க வேண்டும்.

ஸ்பிரிங் துப்பாக்கியை வைஸில் வைக்கவே வேண்டாம். உள்ளே பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடும்போது துப்பாக்கி துள்ளும். அந்தத் துள்ளலை அடக்கினால் குறி இன்னும் கெடும், துப்பாக்கியின் மரக்கட்டையும் விரிசல் விடும். பழைய பேண்டின் காலில் உமி நிரப்பித் தைத்த பையின் மேல், தளர்வாக, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் படும்படி வைத்துச் சுடுங்கள்.

எந்த வகையானாலும் சோதிக்கும்போது கண்ணாடி போட்டிருக்க வேண்டும், அட்டைக்குப் பின்னால் குண்டு வாங்கும் பெட்டி இருக்க வேண்டும், வைஸில் இருக்கிற துப்பாக்கிக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது. பெல்லட் ஈயம். வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் முறுக்கோ டீயோ. ரேஞ்ச் தரையை விளக்குமாறு போட்டுத் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் எந்தக் காகிதமும் நமத்துவிடும். நமத்த அட்டையில் தட்டைத் தலை பெல்லட்கூட வட்டமாகத் துளை போடாது, ஓரம் கிழியும். கிழிந்த ஓரத்தை வெர்னியரில் அளந்தால் வருகிற எண் பொய். சோதனைக்கான அட்டைகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வைத்து, சுடப் போகும் நேரத்தில் எடுங்கள்.

அளப்பது எப்படி என்றால், பத்துக் குண்டு சுட்டு, தூரத்தில் இருக்கிற இரண்டு துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து 4.5-ஐக் கழியுங்கள். மீதி 2 மி.மீ.க்குள் வந்தால் அந்த டப்பாவை விடாதீர்கள். 3 வரை பயிற்சிக்குத் தாங்கும். 4-ஐத் தாண்டினால் கீழே படியுங்கள்.

துளைகள் மேலும் கீழுமாக நீண்டு விழுகின்றன

இது வேகத்தின் கோளாறு. போட்டி ரைஃபிளில் குண்டு வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகும். ஒரு குண்டு 172-லும் அடுத்தது 168-லும் போனால், காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலே, இரண்டாவது 10 மீட்டரில் சுமார் 0.8 மி.மீ. கீழே விழும். மூன்று தசமம் போச்சு.

முதலில் சிலிண்டர் அழுத்தத்தைப் பாருங்கள். 200 பார் (காற்றழுத்த அலகு) வரை நிரப்பிய சிலிண்டர் இறங்க இறங்க, ஒரு கட்டத்துக்குக் கீழே, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தம் கொடுக்க வேண்டிய ரெகுலேட்டரால் சமாளிக்க முடியாமல் போகும். வைஸில் வைத்துச் சிலிண்டர் தீரும் வரை சுட்டால், எந்த அழுத்தத்தில் துளைகள் கீழே நழுவத் தொடங்குகின்றன என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணைத் துப்பாக்கிப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டி வையுங்கள்.

அழுத்தம் சரி என்றால் பெல்லட் நுழைகிற வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தைச் சந்தேகப்படுங்கள். மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நூல் போலக் கிழித்து, அடைத்து மூடிய வாயின் இணைப்புக்கு மேலே தொங்கவிட்டுச் சுடுங்கள். காகிதம் சிலிர்த்தால் அந்த வழியாகக் காற்று கசிகிறது. வளையம் சின்னது, விலையும் குறைவு, இருந்தும் இதை விட்டுவிட்டு டப்பா டப்பாவாக வாங்கிப் பார்த்தவர்கள் உண்டு.

அடுத்தது ஈரம். கைப்பம்பால் சிலிண்டர் நிரப்புகிறவர்கள் நம் பக்கத்தில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காற்றை 200 பாருக்கு அமுக்கும்போது அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகிவிடும். வயல் சூழ்ந்த ஊரில், அதுவும் அடைமழையில், அந்தத் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. அது சிலிண்டருக்குள் போய், ரெகுலேட்டரின் ஸ்பிரிங்கிலும் வாஷரிலும் துரு பிடிக்க வைக்கும். அப்புறம் ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு வேகம்தான். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாத பம்பை டெல்டாவில் பயன்படுத்தாதீர்கள். கொஞ்சம் அடித்ததும் நிறுத்தி, சூடு ஆறவிட்டு, பம்பின் வால்வைத் திறந்து ஈரத்தை வெளியேற்றுங்கள். முடிந்தால் உலர்காற்று நிரப்பிய பெரிய டேங்கிலிருந்து மாற்றிக்கொள்வதே நல்லது. சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். போட்டி ரைஃபிள் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் ஆயுள் வரம்பு வைத்திருக்கிறார்கள், பலர் வைப்பது பத்து ஆண்டு. உள்ளே துரு இருக்கலாம் என்கிற சந்தேகம் வந்தால் அதற்கு முன்னாலேயே ஒதுக்கிவிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நீண்டு விழுந்தால்தான் பெல்லட். ஒரே டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, மில்லிகிராம் காட்டும் தராசில் ஒவ்வொன்றாக நிறுங்கள். ரைஃபிள் பெல்லட் சுமார் 0.53 கிராம் இருக்கும். நல்ல போட்டி டப்பாவில் எடை ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கும், மலிவு டப்பாவில் தாறுமாறாக ஓடும்.

பக்கவாட்டில் பரவுகின்றன

இதற்கு பெல்லட் காரணமாக இருப்பது அபூர்வம். வைஸில் வைத்த துப்பாக்கி பக்கவாட்டில் சிதறினால், வைஸ் ஆடுகிறது, அல்லது கட்டையில் இருக்கிற திருகு தளர்ந்திருக்கிறது. மரக்கட்டை மழைக்காலத்தில் ஊதும், கத்திரியில் சுருங்கும். சித்திரையில் இறுக்கிய திருகு ஐப்பசியில் அதே இறுக்கத்தில் இருக்காது. கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கை பலத்தை நம்பி ஆலன் கீயை முறுக்குகிறவர்களால்தான் மரம் நசுங்குகிறது.

நெல் குடோனையோ கல்யாண மண்டபத்தின் நீள வராந்தாவையோ ரேஞ்சாக மாற்றியிருக்கும் இடங்களில் இன்னொன்று உண்டு. ஃபேன் காற்றில் தொங்கும் அட்டை ஆடும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்தான், ஆனால் நாம் கால் மில்லிமீட்டருக்கு வழக்காடிக்கொண்டிருக்கிறோம். அட்டையை நாலு பக்கமும் சட்டத்தில் பிடிக்க வையுங்கள், சோதிக்கும்போது குறிப்பக்கத்து ஃபேனை நிறுத்துங்கள்.

கையில் சுடும்போது மட்டும் பக்கவாட்டில் பரவினால் டிரிகர் விரலையும், துப்பாக்கி சாய்வதையும் கோச்சிடம் காட்டுங்கள்.

இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது, ஏனென்றால் காரணம் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடக் கூடியது. பத்துக் குண்டில் ஆறு ஓர் இடத்தில் அழகாக, நான்கு இன்னோர் இடத்தில் அழகாக விழும். சீரற்ற சிதறல் இப்படி விழாது. ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு இடையே தாவுகிறது.

பழைய வேட்டைக்காலத்து இரட்டைக்குழல் ரைஃபிளில் இந்தச் சிக்கல் பிறவியிலேயே உண்டு. இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடும்படி, குறிப்பிட்ட எடையும் வேகமும் உள்ள ஒரு தோட்டாவை வைத்துத்தான் பட்டறையில் அவற்றை இணைப்பார்கள். தோட்டா மெதுவாகப் போனால் அது குழலுக்குள் இருக்கும் நேரத்திலேயே துப்பாக்கி உதைத்துத் திரும்பிவிடும். வலக்குழல் வலப்பக்கமும் இடக்குழல் இடப்பக்கமும் விலகி அடிக்கும். வேகம் கூடினால் இரண்டும் குறுக்கே கடக்கும். அதனால்தான் அந்த ரைஃபிள்காரர்கள் கையால் தோட்டா நிரப்பி, வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சோதிப்பார்கள். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அந்த வேலைக்குப் போகவே கூடாது. ஆனால் அவர்களுடைய முறை நமக்கும் உதவும்: எந்தக் குண்டு எந்தத் துளை என்று வரிசை எண் போட்டுக்கொண்டு சுடுவார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு நோட்டில் ஓர் அட்டை படம் வரைந்து, விழுந்த இடத்தில் எண் போடுங்கள். மின்னணு டார்கெட் இருந்தால் அதுவே வரிசையைச் சொல்லிவிடும். முதல் ஐந்தும் ஓர் இடம், அடுத்த ஐந்தும் வேறு இடம் என்றால் நடுவில் ஏதோ நகர்ந்திருக்கிறது: வைஸ், டயாப்டர் (கண்ணுக்கருகே இருக்கும் குறிபார்க்கும் துளை), பேரல் இணைப்பு. மாறி மாறித் தாவினால் இரண்டு வகை பெல்லட் கலந்திருக்கிறது, அல்லது பேரலைப் பிடிக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றன. ஒடித்து அடைக்கும் ஸ்பிரிங் துப்பாக்கி என்றால் மடிப்பு முள்ளைப் பாருங்கள். பேரலைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக டக்கென்று ஆடும், விஷயம் அவ்வளவுதான்.

கலந்த பெல்லட்டைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடித் துண்டு போதும். சமமான மேசையில் கண்ணாடியின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்து, மேலிருந்து ஒரே இடத்தில் ஒவ்வொரு பெல்லட்டாக உருட்டிவிடுங்கள். பெல்லட்டின் தலை ஓர் அளவு, பாவாடை போல விரிந்த பின்பக்கம் (பாவாடை) ஓர் அளவு. அதனால் அது நேராக உருளாது, வளைந்துதான் இறங்கும். ஒரே அச்சில் அழுத்திச் செய்தவை எல்லாம் கீழே ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேரும். அளவு வேறானது தனியாகப் பிரிந்து போகும். பாவாடை நசுங்கியது தத்தித் தத்தி இறங்கும், அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒன்பது சேர்ந்து விழ, ஒன்று மட்டும் ஓடுகிறது

"அது என் தப்பு, கணக்கில் சேர்க்காதீங்க சார்" என்பார்கள். வைஸில் சுட்டபோது ஓடியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. ஓடியதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும், ஏனென்றால் போட்டியிலும் அது ஓடும்.

பாவாடை நசுங்கல்தான் வழக்கமான காரணம். ஈயம் நகம் பட்டாலே பதியும். டப்பா ஒருமுறை கீழே விழுந்திருந்தால் அதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். திருச்சி வரை டவுன் பஸ்ஸில் குலுங்கிப் போகும் டப்பாவில் காலி இடம் இருந்தால் மேலே மெல்லிய ஸ்பாஞ்சு வெட்டி வையுங்கள். அடைக்கும்போது விரலால் நேராக உள்ளே தள்ளுங்கள். கோணலாக நுழைந்த பெல்லட்டின் ஓரத்தை, துப்பாக்கியின் வாயை மூடும் போல்ட் சீவிவிடும்.

முதல் ஒன்றிரண்டு மட்டும் தள்ளி விழுகின்றன

துப்பாக்கி சும்மா இருந்துவிட்டு, முதல் குண்டு மேலே போய், அப்புறம் சரியாகிறதா? ரெகுலேட்டர் மெல்ல மெல்லக் காற்றைக் கசியவிட்டு அழுத்தத்தை ஏற்றிவைக்கிறது. சர்வீசுக்குக் கொடுக்க வேண்டிய வேலை இது. வீட்டில் ரெகுலேட்டரைப் பிரிக்காதீர்கள், அடைபட்டிருக்கும் காற்று கையைப் பதம் பார்க்கும். பேரலைச் சுத்தம் செய்த பிறகு என்றால் அது இயல்பு. உள்ளே ஈயம் மறுபடி மெல்லியதாகப் படியும் வரை பத்திருபது குண்டு அப்படித்தான் போகும். சுத்தம் செய்த கையோடு பெல்லட் சோதிக்கக் கூடாது.

போன மாதம் நன்றாக இருந்தது, இப்போது இல்லை

டப்பாவைத் திறந்து பெல்லட்டின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஈயம் அரித்துவிட்டது. ஈரமும் மரத்திலிருந்து வரும் ஆவியும் சேர்ந்தால் இது சீக்கிரம் நடக்கும். மர அலமாரியில் பெல்லட்டை வைக்காதீர்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேரும். பூத்த பெல்லட்டைத் துடைத்துச் சுடாதீர்கள், அந்தப் பொடி விஷம். மூடி போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

நிறம் சரி என்றால் டப்பாவின் அடியில் இருக்கும், எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் லாட் எண்ணைப் பழைய டப்பாவோடு ஒப்பிடுங்கள். கம்பெனி, பெயர், தலை அளவு எல்லாம் ஒன்றாக இருந்தும் லாட் மாறினால் குறி மாறும். பிறகு பேரல். ஃபெல்ட் துண்டுகளால், வாய்ப்பக்கமிருந்து முனைப்பக்கமாக ஒரே திசையில் சுத்தம் செய்து, மேலே சொன்ன பத்திருபது குண்டைச் சுட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். அழுத்தக் காற்று ஓடும் துப்பாக்கியில் சமையல் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் விடக் கூடாது.

கூட்டம் சிறியதாகவே இருக்க, இடம் மட்டும் மாறியிருந்தால் அது டயாப்டர் விவகாரம். கிளிக் திருகிச் சரிசெய்யுங்கள், பெல்லட்டில் கை வைக்க வேண்டாம்.

வைஸில் நன்றாக வருகிறது, கையில் வரவில்லை

பெல்லட் சோதனை இங்கேயே முடிந்துவிட்டது. பெற்றோரிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த டப்பாவுக்குக் காசு கேட்டு நிற்பார்கள். நிற்கும் நிலை, ஜாக்கெட், மூச்சு, டிரிகர் என்று போக வேண்டும்.

எல்லாம் சரி, இப்போது எந்த டப்பா?

தலை அளவு (பெல்லட் தலையின் விட்டம், மி.மீ.) 4.49, 4.50, 4.51 என்று மூன்று வகையிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதுதான் நம் ஊருக்குக் கட்டுப்படியாகும். விலை அதிகமானது உங்கள் பேரலுக்குப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஐந்து குண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்து குண்டில் எந்தச் சுமாரான பெல்லட்டும் ஒருமுறை அழகாக விழுந்து ஏமாற்றும். குண்டு கூடக் கூடக் கூட்டம் விரியும் என்பதால், ஒன்றுக்கு ஐந்தும் மற்றதற்குப் பத்தும் சுட்டு ஒப்பிடுவதும் தப்பு. ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுடுங்கள். முதல் சுற்றில் 4.49, 4.50, 4.51 என்று போனால், அடுத்த சுற்றில் தலைகீழாக வாருங்கள். சிலிண்டர் அழுத்தம் இறங்கியதாலோ மதிய வெயிலாலோ ஏதாவது நகர்ந்திருந்தால், அதன் பழி கடைசியாகச் சுட்ட டப்பா மேல் மட்டும் விழாது. பெல்லட் மாற்றியதும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் வெறுமனே சுட்டுவிடுங்கள். இரண்டு சுற்றிலும் முன்னால் நிற்பதுதான் உங்கள் பெல்லட். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் மலிவானதை எடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

தேர்ந்ததும் அதே லாட் எண்ணில் ஒரு சீசனுக்குத் தேவையானதைச் சேர்த்து வாங்கி, லேபிளைக் கிழித்துச் சோதனை அட்டையோடு நோட்டில் ஒட்டுங்கள். மூன்று வகையும் 4 மி.மீ.க்கு மேலேயே சிதறினால் நான்காவதைத் தேட வேண்டாம். துப்பாக்கியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த சோதனை அட்டை பெட்டியில் இருக்கும், அதை எடுத்து உங்கள் அட்டைகளோடு சேர்த்து சர்வீஸ்காரரிடம் கொடுங்கள். புதிதாக இருந்தபோது அந்தப் பேரல் எப்படிச் சுட்டது, இப்போது எந்தப் பக்கம் சிதறுகிறது என்று அவர் பார்த்துவிட்டால், எதைப் பிரிக்க வேண்டும் என்பது திருகைத் தொடும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.